ஊத்துக்குளி ரோட்டு அல்லிக்குளம்

ஊத்துக்குளி ரோடு, திருப்பூர்
5.8.2025, செவ்வாய், ஆடி 20

விநாயகர் துணை.

சம்பந்தியம்மா கருப்பாத்தாள் அவர்களுக்கு, குழந்தையம்மாள் எழுதுவது.

நேற்று, ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், எங்கள் தோட்டத்துக் குளத்தடியில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் கிட்டுசாமி, எதிர் வீட்டு அனிதா, அனிதாவின் மாமியார், கம்பெனி வேன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்த உங்கள் ஊர் டிரைவர் ஆத்தப்பன். வேறு ஒருவரும் இல்லை. கேட்டுக்கு வெளியே ஒரு நாய் படுத்திருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், "ஊத்துக்குளிப் பாலை ஊத்தித்தான் மீனெல்லாம் செத்துப்போச்சு, அது என்ன பாலோ" என்று நான் சொன்னதாக உங்களிடம் சேதி வந்திருக்கிறது. இன்று காலை பால் கேனை இறக்கிவைத்துவிட்டு ஆத்தப்பன் முகம் கொடுக்காமல் போனபோதே ஊகித்துவிட்டேன். நான் சொன்னது, "பாலை ஊத்தினனுங்க. மீன் செத்துப்போச்சுங்க." அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் நான் எதையும் வைக்கவில்லை. வைத்தது ஆத்தப்பன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வருசா வருசம் ஆடி நோம்பிக்குக் கொடுமுடி போய்க் காவிரியில் முழுகிவிட்டு வருவோம். இந்த வருசம் இவருக்கு முழங்கால் வலி. சாயத் தண்ணீர் ஓடும் நொய்யலில் கால் வைக்க எனக்கு மனசு வராது. வீட்டிலேயே குளம் இருக்கிறதே என்று அதன் கரையில் கன்னிமாருக்கு ஏழு கல் வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, காதோலை கருகமணி சாத்தி, உங்கள் வீட்டிலிருந்து வந்த பாலை முழுசாகத் தண்ணீரில் ஊற்றிக் கும்பிட்டேன். சாமிக்குக் கொடுப்பதில் மிச்சம் பிடித்துப் பழக்கமில்லை. மறுநாள் விடியும்போது தண்ணீர் மோர் மாதிரி திரைந்து, மீன் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

உங்கள் மகள் மோனிஷா வியட்நாம் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, குளத்தை மட்டும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தைப் பொங்கலுக்கு எங்கள் சரவணக்குமாரும் அவளும் திரும்பி வருகிறார்கள். அவள் நட்டுவிட்டுப் போன வெள்ளை அல்லி, சிவப்பு அல்லி இரண்டுக்கும் இலை மஞ்சளாகிக் கரைகிறது. இவர் என்னவென்றால், மண்ணைக் கொட்டி மூடிவிட்டுச் செட்டு போட்டுக்கொள்ளலாம் என்கிறார். பக்கத்தில் நம் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளுக்கு இடம் பற்றவில்லையாம்.

என்ன செய்வது என்று உங்களைக் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன், எங்கள் வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் குலசாமி செல்லாண்டியம்மன் பேரில் சத்தியம் செய்தீர்கள். அதை மதித்துத்தான் போன் போடவில்லை. எழுதக்கூடாது என்று நீங்கள் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

வந்தது: பால் கேன் ஒன்று. திரும்புவது: அதே கேன், கழுவியது, உள்ளே அரைப்படி தட்டைப்பயறு. என்ன வருத்தம் இருந்தாலும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது இந்த வீட்டில் வழக்கமில்லை.

இப்படிக்கு,
கி. குழந்தையம்மாள்


ஊத்துக்குளி
15.8.2025, ஆடி கடைசி வெள்ளி

சம்பந்தியம்மாவுக்குக் கருப்பாத்தாள் எழுதுகிறது.

தட்டைப்பயறு வந்தது. நல்ல பயறு.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். உங்களைப் போல வரிசை வைத்து எழுத வராது. பிழை இருந்தால் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்க.

சத்தியம் பேச்சுக்குத்தான். எழுத்துக்கு இல்லை. நானும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

பால் ஊற்றினால் மீன் சாகாமல் என்ன செய்யும். என் மாட்டுப் பாலானாலும் சரி, தேவலோகத்துப் பாலானாலும் சரி, தண்ணியில் கெட்டுத்தான் போகும். அதோடு இன்னொன்றும் ஆத்தப்பன் சொன்னான். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை குளத்துத் தண்ணியை இறைத்துக் கொட்டி, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணியைப் புதுசாக நிரப்புகிறீங்களாமே. "குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு இருக்குதுங்க" என்கிறான். ஏனுங்க, அது குத்துவிளக்கா. குளம் என்றால் சுவரில் பாசி பிடிக்கும், தண்ணிக்கு ஒரு நிறம் வரும், நத்தை ஊரும். வாரா வாரம் ஊட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்தச் செடிதான் குடித்தனம் பண்ணும். தேய்க்கிறதை நிறுத்துங்க. பால் கலந்த தண்ணியை மட்டும் ஒருதரம் இறைத்துவிடுங்க. குழாய்த் தண்ணியை அப்படியே விடாமல் டிரம்மில் பிடித்து இரண்டு நாள் வெயிலில் வைத்து, மருந்து வாசம் போனதும் ஊற்றுங்க.

இந்த வேனில் வருவது: குளத்துக் களிமண் ஒரு சாக்கு, வேலம்பாசி ஒரு வாளி, பிளாஸ்டிக் பையில் கப்பி மீன், காய்ந்த சாணி ஒரு கூடை. சாணியை அல்லிக் கிழங்குக்குக் கீழே தாராளமாக வையுங்க. இலை மஞ்சளாகிறது பசியால்தான்.

ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. அஞ்சாம் மாசத்தில் அவளுக்குப் பிள்ளை தங்காமல் போன அன்றைக்கு அந்த வராந்தாவில் நான் என்னமோ அவளைக் கம்பெனி மாடிப்படி ஏறவிட்டதைச் சொல்லிக் கத்தினேன். ஆமாம், கத்தினேன். பதிலுக்கு நீங்க, "குலசாமிக்குப் பொங்க வெக்காத ஊட்டுல பொண்ணெடுத்தா இப்படித்தான் ஆகும்" என்று சொன்னீங்க. அந்த வருசம் என் ஊட்டுக்காரர் செத்துத் தீட்டு. அதனால் வைக்கவில்லை. உங்களுக்கும் தெரியும்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து யாரோடும் பேசாமல் கிடந்தாள் என்றும், ஒரு நாள் தானாக எழுந்து கடப்பாரையை எடுத்து அந்தக் குழியைத் தோண்ட ஆரம்பித்தாள் என்றும், தோண்டத் தோண்டப் பேச்சு வந்தது என்றும் மாப்பிள்ளை என்னிடம் சொன்னார். அதை மூடுகிறதாவது.

நான் சத்தியத்தை எடுத்துக்கொள்ளப்போவதில்லை. எங்கள் ஆத்தாளிடம் பூப்போட்டுக் கேட்டுத்தான் எடுக்க முடியும். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. அந்தக் குளத்தில் அவள் வைத்த வெள்ளையும் சிவப்பும் பூக்கட்டும். அந்தப் பூவை வைத்தே கேட்கிறேன். நீங்க தேய்க்கிற தேய்ப்பில் அது பூத்த மாதிரிதான்.

கருப்பாத்தாள்


திருப்பூர்
4.9.2025, வியாழன், ஆவணி 19

விநாயகர் துணை.

சம்பந்தியம்மா அவர்களுக்கு.

நீங்கள் எழுதியபடி வெள்ளிக்கிழமை தேய்ப்பை நிறுத்தினேன். கை அரித்தது. பூசை அறையை இரண்டு முறை துடைத்துச் சமாளித்தேன். களிமண்ணை அல்லித் தொட்டியில் நிரப்பினேன். வேலம்பாசியைக் கல் கட்டி அடியில் விட்டேன். மீனை விட்டேன். சாணியைத் தாராளமாக வைத்தேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் டிகாக்சன் நிறத்துக்கு வந்தது. அந்த வாரக் கடைசியில் அனிதாவின் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கு வந்து, "ஏனுங்க அக்கா, செப்டிக் டேங்க் ஏதாச்சும் உடைஞ்சு போச்சுங்களா" என்று கேட்டார். மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தது. வாளியில் நல்ல தண்ணீர் வைத்து எடுத்து விட்டதால் அவை பிழைத்தன. சிவப்பு அல்லியின் கிழங்கு பாதி அழுகிவிட்டது. அழுகலை வெட்டி, மிச்சத்தை மணலில் வைத்திருக்கிறேன்.

உங்கள் சாணியைக் குற்றம் சொல்லவில்லை. மாட்டையும் சொல்லவில்லை. ஆத்தப்பன் என்ன சேதி கொண்டுவந்தாலும் என் எழுத்தையே நம்பவும்.

மீனை எடுத்த பிறகு குளத்தில் கொசுப்புழு வந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் பெண்கள் கரண்டியால் மொண்டு காட்டியபோதுதான் பார்த்தேன். கரண்டிக்குள் நெளிந்தது. எதிர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாதக் கடைசியில் மறுபடி வருவார்களாம். அப்போதும் புழு இருந்தால் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று சொல்லிப் போனார்கள்.

இவர் காதில் அது விழுந்தது. மறுநாளே ஒரு டிராக்டர் செம்மண் கொண்டுவந்து கேட்டுக்கு உள்ளே கொட்டியாகிவிட்டது. "அவிங்க வந்து சொல்றதுக்கு முன்னாடி நாமளே மூடிட்டா மரியாதை" என்கிறார். மாதக் கடைசி வரைக்கும் பொறுக்கச் சொல்லி வாக்கு வாங்கியிருக்கிறேன். அதற்குமேல் எனக்கும் வாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மோனிஷா வீடியோவில் கூப்பிட்டுக் குளத்தைக் காட்டச் சொன்னாள். "இருட்டிப்போச்சு கண்ணு" என்றேன். இங்கே இன்னும் வெயில் இருந்தது. அங்கே இருட்டியிருந்ததால் நம்பிவிட்டாள். பொய் சொன்ன வாயால் சோறு தின்ன மனசு வராமல் அன்று வெறும் மோரோடு படுத்தேன்.

தீட்டு என்று எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. உங்கள் மேல் கோபமா என் மேலா என்று பிரித்துச் சொல்ல வரவில்லை.

வந்தது: பால் கேன் ஒன்று. திரும்புவது: கேன் மட்டும். இந்த முறை அதில் ஒன்றும் வைக்கவில்லை.

கி. குழந்தையம்மாள்


ஊத்துக்குளி
8.9.2025, திங்கள்

சம்பந்தியம்மாவுக்கு.

வெறும் கேன் வந்தது. மூடியைத் திறந்தேன். அடியில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று கையை விட்டுப் பார்த்தேன். அப்புறம் மாட்டுக் கட்டுத்தறியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆத்தப்பன், "ஏனுங்க, கேன் ஓட்டைங்களா" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன்.

சாணி என் தப்பு. எங்கள் மாட்டுத் தண்ணித் தொட்டி பெரிசு. அதன் ஓரத்தில் அல்லி போட்டுச் சாணி வைத்தால் அது பாட்டுக்குத் தின்றுவிட்டுப் பூக்கும். உங்கள் குளம் எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியாது. வந்து பார்த்தது கிடையாது. பார்க்காமல் வைத்தியம் சொன்னால் இப்படித்தான் ஆகும். எனக்குச் சாணியைத் தவிர வேற மருந்து தெரியாது என்று என் மகளே கேலி பண்ணுவாள்.

இப்போது முறையாகக் கேட்கிறேன். குளத்தை ஒரு படமாகப் போட்டு அனுப்புங்க. எத்தனை முழம் நீளம், எத்தனை அகலம், ஆழம் முழங்காலா இடுப்பா, வெயில் எந்தப் பக்கம், மரம் எந்தப் பக்கம். நீங்க கணக்காக எழுதுவீங்க. எனக்கு அது வேண்டும்.

அதற்குள் செய்ய வேண்டியது. தொட்டிகளைத் தூக்கி வெளியே வைத்துச் சாணி மண்ணை முழுசாகக் கொட்டிவிட்டு வெறும் களிமண்ணில் கிழங்கை வையுங்க. கிழங்கின் மூக்கு வெளியே தெரியட்டும். மேலே கூழாங்கல் பரப்புங்க. மண் கலங்காது. தண்ணியை ஒரே நாளில் கொட்டாமல் மூன்றில் ஒரு பங்கு எடுத்துவிட்டு, வெயிலில் வைத்த தண்ணியை ஊற்றுங்க. நாலு நாள் விட்டு மறுபடி அதே மாதிரி. வாசம் போனதும் மீனை விடுங்க. மீன் இருந்தால் புழு இருக்காது. எங்கள் தொட்டியில் இருந்து இன்னும் கொஞ்சம் கப்பி பிடித்து அனுப்பியிருக்கிறேன். இதுகள் மாட்டு மூக்கு இடித்தே வளர்ந்தது. எதற்கும் சாகாது.

அவளிடம் சொல்லாதீங்க. என்னிடமும் கேட்டாள். "உங்க அத்தை நல்லாத்தான் பாத்துக்கறாங்க கண்ணு" என்று சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அழுதாளோ என்னமோ.

மண்ணைக் கொட்ட விடாதீங்க.

கருப்பாத்தாள்

இதோடு வெண்ணெய் ஒரு தூக்குவாளி. கேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.


திருப்பூர்
9.10.2025, வியாழன், புரட்டாசி 23

விநாயகர் துணை.

சம்பந்தியம்மா,

படத்தைப் பார்த்துவிட்டு, தென்னை ஓலை வெயிலை மறைக்கிறது என்று ஆத்தப்பனிடம் சொல்லி அனுப்பினீர்கள். உடனே ஆள் வைத்து அந்தப் பக்கத்து மட்டையை வெட்டிவிட்டேன். இப்போது காலையிலிருந்து மத்தியானம் வரை வெயில் நேராக விழுகிறது.

புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருக்கும் வீட்டில் குளத்தைப் பற்றி இவ்வளவு நினைப்பதா என்று எனக்கே கேள்வி வந்தது. பெருமாளே தண்ணீரில் படுத்திருப்பவர்தானே, கோபித்துக்கொள்ளமாட்டார்.

கொசு ஒழிப்புப் பெண்கள் வந்தார்கள். வந்தபோது இருந்தவர்கள்: நான், இவர், வந்த பெண்கள் இரண்டு பேர், மண் வாரிப் போடுவதற்கென்று இவர் வரச்சொல்லியிருந்த ஆள் ஒருவர், மண்வெட்டியோடு. ஒரு பெண் கரண்டியை விட்டு மொண்டாள். பார்த்தாள். ஓரத்தில் மொண்டாள். வேலம்பாசிக்குள் விட்டு மொண்டாள். எனக்குக் கந்தசஷ்டிக் கவசம் பாதியில் மறந்துபோனது. கடைசியில் அவள் கரண்டியை என்னிடம் நீட்டி, "பாருங்கம்மா, குட்டி மீனுதான் வருது" என்றாள். உங்கள் ஊர்க் கப்பி குட்டி போட்டிருக்கிறது. கண்ணும் வாலும்தான் தெரிகிறது, நடுவில் உடம்பே இல்லை.

பெண்கள் போன பிறகு இவர் மண் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்த ஆளிடம், "சரி, வந்தது வந்துட்டே. இந்த மண்ண வாழைக்கு அணைச்சு உடு" என்றார்.

இன்னொன்று. அல்லி இலை வந்த பிறகும் தண்ணீர் மேலே வெள்ளையாக ஏடு படிந்துகொண்டே இருந்தது. மறுபடி பால் வாசமா என்று பயந்து முகர்ந்துகூடப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, கம்பெனிப் பஞ்சு. கட்டிங் செக்‌ஷன் எக்ஸாஸ்ட் ஃபேன் நேராகக் குளத்தைப் பார்த்து ஊதுகிறது. பழைய வளையல் கம்பியில் பனியன் துணி வேஸ்ட்டைக் கட்டி, காலையும் மாலையும் வழித்து எடுத்தேன். இதை இவர் இரண்டு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் எலெக்ட்ரீசியன் வந்து ஃபேன் வாயில் துணிப்பை கட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று இவரைக் கேட்டேன். "பஞ்சு வெளிய போனா கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு" என்றார். இந்த ஃபேன் அங்கே பதினைந்து வருசமாக ஊதுகிறது.

வெள்ளை அல்லிக்கு இப்போது எட்டு இலை. சிவப்புக்கு ஒரே ஓர் இலை, அதுவும் பாதி. ஆனால் அது கரையவில்லை. தினமும் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தால் கை இன்னும் அரிக்கத்தான் செய்கிறது. அந்த நேரத்துக்கு ஒரு மணையைப் போட்டுக் குளக்கரையில் உட்கார்ந்து கவசத்தைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சளான இலை இருந்தால் மட்டும் கிள்ளி எடுக்கிறேன். சும்மா இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மோனிஷாவுக்கு வீடியோவில் காட்டினேன். இருட்டுவதற்கு முன்னால். போனைத் தண்ணீர் பக்கத்தில் கொண்டுபோகச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தது: பால் கேன் ஒன்று, வெண்ணெய்த் தூக்கு ஒன்று, மனசார. திரும்புவது: கேனில் நிலக்கடலை உருண்டை, தூக்கில் புரட்டாசிச் சனிக்கிழமைப் பொங்கல். அன்று வெறுமையாக அனுப்பிய கேனுக்கும் சேர்த்து, உருண்டை இரண்டு பங்கு இருக்கும்.

கி. குழந்தையம்மாள்


ஊத்துக்குளி
12.11.2025, புதன்

சம்பந்தியம்மாவுக்கு.

தீபாவளிப் பலகாரத்துக்குப் பிறகு எழுத நேரம் கிடைக்கவில்லை. செவலை மாடு கன்று போட்டது. கிடாரி. இரண்டு நாள் அதோடு சரி.

ஒரு விசயம் சொல்கிறேன், சிரிக்காதீங்க. போன வெள்ளிக்கிழமை திருப்பூரில் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டவுன் பஸ் உங்கள் ஊட்டு வழியாகத்தான் வந்தது. வாசலை மிதிக்கமாட்டேன் என்றுதான் சத்தியம். பஸ்ஸில் இருந்து பார்த்தால் உடையாது என்று எழுந்து நின்றேன். கண்டக்டர், "அம்மா, உக்காருங்க, விழுந்து வெக்காதீங்க" என்று சத்தம் போட்டார். சிக்னல் அக்கட்ட, உங்கள் ஊட்டுக்கிட்டயே விழுந்ததால் பஸ் கொஞ்சம் நின்றது. காம்பவுண்டு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். தண்ணி ஒரு துண்டு தெரிந்தது. இலை தெரிந்தது. மணையைப் போட்டு உட்கார்ந்திருந்த உங்கள் முதுகு தெரிந்தது. தலை நரைத்துப் போயிருக்கிறதே. இரண்டு வருசத்துக்கு முந்தி இவ்வளவு இல்லை.

உங்களைக் கூப்பிடலாம் போல வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் பஸ் எடுத்துவிட்டான்.

பூசாரி ஆறுமுகத்தைக் கேட்டேன். பூ கேட்கிறது சரி, ஆனால் சொன்ன சொல் மாறக்கூடாது என்கிறார். குளத்துப் பூவை வைத்துக் கேட்கிறேன் என்று நானே ஆத்தாள் பேர் சொல்லி எழுதிவிட்டேனாம், அதனால் கடைப் பூவும் அரளிப் பூவும் ஆகாது என்கிறார். என் வாய் எனக்கே வினை. உங்கள் குளம் பூக்காது என்கிற தைரியத்தில் எழுதியது அது.

இலை தண்ணியில் பாதியை மூடிய பிறகுதான் மொட்டு விடும். அதுவரைக்கும் தொந்தரவு பண்ணாதீங்க. சிவப்பு இரண்டாவது இலை விட்டதா என்று எழுதுங்க.

அக்கா என்று எழுதலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. பூ வரட்டும்.

கருப்பாத்தாள்

கன்று போட்ட மாட்டின் சீம்பால் இத்துடன். இதைக் குளத்தில் ஊற்றாதீங்க.


திருப்பூர்
18.12.2025, வியாழன், மார்கழி 3

விநாயகர் துணை. செல்லாண்டியம்மன் துணை.

அம்மிணி கருப்பாத்தாளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த போனில் இருந்தவர்கள்: வியட்நாமில் மோனிஷாவும் சரவணக்குமாரும், ஊத்துக்குளியில் நீங்கள், திருப்பூரில் நானும் இவரும். ஒரே அழைப்பில் எல்லாரையும் பிடித்து வைத்துவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்கு அஞ்சு மாதம் தாண்டி ஒரு வாரம் ஆயிற்று, டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் உங்களிடம் சொல்கிறேன் என்றாள். அதற்கு யாரும் பேசவில்லை. உங்கள் பக்கம் மாடு கத்திய சத்தம் மட்டும் வந்தது.

"என்னங்கம்மா, ரெண்டு பேரும் ஒண்ணுமே சொல்லமாட்டேங்கறீங்க" என்று அவள் கேட்டாள். நீங்கள் பேசினால் நான் கேட்கும் இடத்தில் பேசியதாகிவிடும் என்று நீங்கள் யோசித்தீர்கள். நான் பேசினால் உங்களைப் பதில் சொல்ல வைத்துச் சத்தியத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று நான் யோசித்தேன். கடைசியில் இவர்தான், "சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சு கண்ணு" என்று சொல்லிக் காப்பாற்றினார். போனை வைத்த பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு பேரும் இன்னும் எத்தன நாளைக்கு இப்படி ஊமை வேசம் போடப்போறீங்க" என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு முன்னால் வந்துவிடுகிறார்கள். தை மாதம் ஏழாம் மாதம். நீங்கள் கட்டுச்சோறு கொண்டுவந்து, இந்த வாசல் ஏறி, அவளுக்கு வளையல் போட்டு, உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதைப் பெற்றவள்தான் செய்ய முடியும். போன முறை அந்தக் கட்டம் வரைக்கும் நாம் போகவில்லை. இந்த முறை உங்கள் தம்பி மனைவியை அனுப்பி முறையை முடித்துவிடலாம் என்று நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். அவள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இனி குளத்துச் சேதி. நேற்று வெள்ளை அல்லி பூத்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும்போது விரிய ஆரம்பித்தது, இன்று காலை வெயில் ஏறியதும் மூடிக்கொண்டது. மோனிஷா கடப்பாரை பிடித்த இடத்தில், பால் கெட்ட தண்ணீரிலும் சாணி கெட்ட தண்ணீரிலும் கிடந்த அதே கிழங்கு. இந்த வீட்டில் முதலில் பூப்பதும் காய்ப்பதும் எங்கள் சாமிக்குத்தான் போகும். இந்தப் பூவைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு பூசை அறை வரைக்கும் போனேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். இது உங்கள் செல்லாண்டியம்மனுக்கு. பொங்கல் வைக்காத வீடு என்று நான் எந்தச் சாமியை வைத்துச் சொன்னேனோ, அந்தச் சாமிக்கு. இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

சிவப்புக்கு இப்போது மூன்று இலை. நல்ல இலை. மொட்டு இல்லை. குனிந்து கிழங்கு வரைக்கும் தடவிப் பார்த்தேன், இல்லவே இல்லை. மாசி, பங்குனி ஆகும் போலத் தெரிகிறது. அதாவது, குளத்துப் பூவை வைத்துத்தான் கேட்பது என்பது உங்கள் சொல். குளம் இதுவரை கொடுத்திருப்பது வெள்ளை மட்டும். பூசாரியிடம் கேளுங்கள். ஒரே பூவை வைத்துக் கேட்டால் ஆத்தாளுக்கு வேறு பதில் சொல்ல வழியில்லையே என்று அவர் சொல்லலாம். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டேன். சிவப்பைப் பூக்க வைப்பதும் வைக்காததும் நம் கையிலா இருக்கிறது. பதிலை ஆத்தாள் முன்னாலேயே சொல்லிவிட்டாள் என்றுதான் எனக்குப் படுகிறது. தவறாக இருந்தால் அந்தக் கணக்கு என் தலையில் இருக்கட்டும்.

வந்தது: பால் கேன் ஒன்று, கன்று நலம் என்ற சேதி ஒன்று. திரும்புவது: அதே கேன், பாதித் தண்ணீரோடு, உள்ளே அல்லி. தண்ணீர் டிரம்மில் வைத்தது இல்லை, குளத்துத் தண்ணீர். மூடியைத் தளர்த்திவிட்டிருக்கிறேன். ஆத்தப்பனிடம் வேகமாக ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், "ஏனுங்க, உள்ளார பாம்புங்களா" என்று கேட்டுக்கொண்டு போகிறார். இப்போது மூடியிருக்கும். நீங்கள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு உங்கள் வீட்டில் விரியும்.

கட்டுச்சோற்றுக்கு எத்தனை பேர் வருவீர்கள், எத்தனை இலை போட வேண்டும் என்று தெரிய வேண்டும். பதில் சீக்கிரம் போடுங்க. எழுதத்தான் வேண்டும் என்றில்லை.

உங்கள் அக்கா,
குழந்தையம்மாள்